ஆர்.சி. பள்ளியா, அரசுப் பள்ளியா? பாளையங்கோட்டை ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் என் கடையில் பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும்தான் மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும். நகல் எடுக்க வருகிறவர்கள் அப்படியே விண்ணப்பத்தையும் நிரப்பித் தரச் சொல்வார்கள். நிரப்பும்போதுதான் சந்தேகம் வரும். நாங்குநேரி, சேரன்மகாதேவி, ராதாபுரம், ஆலங்குளம் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் கேள்வி மட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே இருக்கின்றன.

1. அண்ணாச்சி, ஆர்.சி. ஸ்கூல்னா பிரைவேட் ஸ்கூல்தானே?

எல்லாம் அப்படி இல்லை. ரோமன் கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் பள்ளிகள் நம் பக்கம் மூன்று விதம். முதலாவது, அரசு உதவி பெறும் தமிழ் வழிப் பள்ளி. நிர்வாகம் சபையினுடையது, ஆசிரியர் சம்பளம் அரசினுடையது, கல்விக் கட்டணம் கிடையாது. இரண்டாவது, அதே வளாகத்துக்குள் அதே பெயரில் நடக்கும் சுயநிதி ஆங்கில வழிப் பிரிவு. இங்கே கட்டணம் உண்டு. மூன்றாவது, முழுக்கத் தனியாக நடக்கும் மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளி.

வாசலில் ஒரே போர்டு, உள்ளே ஒரே மாதா கெபி, ஒரே மணி. ஆனால் 'ஏ' பிரிவுப் பிள்ளைக்கு அரசுப் புத்தகம் இலவசமாக வரும், 'டி' பிரிவுப் பிள்ளையின் அப்பா பணம் கட்டி வாங்குவார். அதனால் பள்ளி அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் பிள்ளையைச் சேர்க்கிற பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா?" இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, பிளஸ் டூ முடித்த பிறகு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க என் கடைக்கு வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

2. டி.டி.டி.ஏ. ஸ்கூலும் ஆர்.சி.தானே? எல்லாம் வேதக்காரங்க ஸ்கூல்தானே?

இல்லை. டி.டி.டி.ஏ. என்பது சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையின் (கத்தோலிக்கம் அல்லாத புராட்டஸ்டன்ட் சபை) திருநெல்வேலித் திருமண்டலம் நடத்தும் பள்ளிகள். கிராமங்களில் ஆரம்பப் பள்ளி என்றால் பெரும்பாலும் அவர்களுடையதுதான். பாளையங்கோட்டையில் சாராள் தக்கர், ஜான்ஸ், டவுனில் சாப்டர் இவையும் அந்த வழி. சேவியர், இக்னேஷியஸ் கான்வென்ட் ஆகியவை கத்தோலிக்கப் பள்ளிகள். கத்தோலிக்கத்திலும் சில பள்ளிகளைப் பாளையங்கோட்டை மறைமாவட்டம் நேரடியாக நடத்துகிறது, சிலவற்றை இயேசு சபையும் கன்னியர் சபைகளும் நடத்துகின்றன. கடற்கரைப் பக்கம் உவரி, இடிந்தகரை என்று போனால் அது தூத்துக்குடி மறைமாவட்டம்.

உங்களுக்கு இது எதற்கு என்றால், குறை சொல்லப் போகும்போது யாரைப் பார்ப்பது என்று தெரிய வேண்டும். மற்றபடி இரண்டுமே சட்டத்தின் கண்ணில் சிறுபான்மையினர் பள்ளிகள். கீழே நான் சொல்வதில் பெரும்பகுதி சி.எஸ்.ஐ. பள்ளிகளுக்கும் பொருந்தும்.

3. நாங்க இந்து. எடம் குடுப்பாங்களா?

கொடுப்பார்கள். பல வகுப்புகளில் இந்துப் பிள்ளைகள்தான் அதிகம், முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். மேலப்பாளையத்திலிருந்து எத்தனை ஆட்டோ வருகிறது என்று காலையில் நின்று பார்த்தாலே தெரியும். இடம் நெருக்கடியாக இருக்கிற பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. அது அவர்களுடைய உரிமை. அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு தருவது. உதவி பெறும் தமிழ் வழிப் பிரிவுகளில் இப்போதெல்லாம் அந்த நெருக்கடி இல்லை. பிள்ளை கிடைத்தால் போதும் என்று ஆசிரியர்களே தெருத்தெருவாக வருகிறார்கள். நெருக்கடி எல்லாம் ஆங்கில வழியில்தான்.

4. பிள்ளைய வேதத்துல சேத்துருவாங்கன்னு எங்க மாமியா பயப்படுதாங்க. நெசமா?

இதைக் கேட்கும்போது மட்டும் எல்லோரும் குரலைத் தாழ்த்துகிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் எந்தப் பள்ளியிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சாசனம் 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இது. கத்தோலிக்கப் பள்ளிகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: மறைக்கல்வி வகுப்பு வரும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு அறைக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு. அதில் பொய் சொல்லாதே, பெரியவர்களை மதி, குப்பையைத் தொட்டியில் போடு என்று பாடம் இருக்கும். திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், வாங்குவதென்றால் அதற்குத் தனியாகத் தயாரிப்பு, பங்குக் கோயில் (அந்தந்தப் பகுதிக் கத்தோலிக்கரின் கோயில்), பெற்றோர் என்று நீண்ட வழி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு மத்தியானத்தில் நடந்துவிடுகிற காரியமில்லை.

அதற்காக மதமே தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். காலை வணக்கத்தில் செபம் இருக்கும், டிசம்பரில் குடில் இருக்கும். எல்.கே.ஜி. பிள்ளை வீட்டில் சோற்றுக்கு முன்னால் நெற்றியில் சிலுவை போடும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி இதைப் பார்த்துப் பதறி, பிறகு அதே பேரனைக் கூட்டிக்கொண்டு ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயிலுக்குப் போய்க் கூழும் வாங்கிக்கொடுத்தார். பையன் இரண்டு இடத்திலும் கும்பிட்டான்.

உண்மையில் உரசல் வருவது வேறு இடத்தில்: பூ, பொட்டு, வளையல், கையில் மந்திரித்த கயிறு, கார்த்திகையில் சபரிமலை மாலை. சில பள்ளிகள் கண்டுகொள்வதில்லை, சில பள்ளிகள் சீருடை ஒழுங்கு என்று கறாராக இருக்கும். மாலை போட்ட பையனைக் கறுப்பு வேட்டியில் விட மாட்டார்கள், சீருடைக்குள் மாலை தெரியாமல் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். உங்கள் வீட்டுக்கு இது முக்கியம் என்றால் சேர்க்கிற அன்றே கேளுங்கள்.

5. எவ்வளவு செலவாகும்?

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை. புத்தகம், நோட்டு, பை, காலணி எல்லாம் அரசு தருகிறது. சத்துணவு சாப்பிடும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை உண்டு. பஸ் பாஸ் உண்டு, பிளஸ் ஒன் வந்தால் சைக்கிள் உண்டு. உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளியின் தமிழ் வழிப் பிரிவிலும் இவற்றில் பெரும்பாலானவை கிடைக்கும். சுயநிதிப் பிரிவுக்கு இவை கிடையாது.

சுயநிதி, மெட்ரிக் கட்டணத்தைப் பள்ளி தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் வகுப்புவாரியாகக் கட்டணம் நிர்ணயிக்கிறது. அந்தத் தொகையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வேன், டை, ஷூ, ஆண்டு விழா உடை, டூர் என்று கூடும். 'கட்டட நிதி' என்று வாய்மொழியாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டதும் சில தொகைகள் தானாகவே குறையும்.

6. காலைச் சாப்பாடு ஆர்.சி. ஸ்கூல்ல உண்டா?

ஆரம்பப் பள்ளி, உதவி பெறுவது என்றால் உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீட்டித்தார்கள். ஒன்று முதல் ஐந்து வரை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றி. பீடி சுற்றும் வீட்டிலும் வயல் வேலைக்கு விடியக் காலையில் கிளம்பும் வீட்டிலும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள்.

7. என் மகளை டாக்டருக்குப் படிக்க வைக்கணும். 7.5 சதவீதம் கான்வென்ட்ல படிச்சா வருமா?

வராது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டலாமா என்று யோசித்திருக்கிறேன். 2020-இல் வந்த சட்டப்படி, மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதே அளவில் கொண்டுவந்தார்கள். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. உதவி பெறும் பள்ளி இதில் சேராது.

"அங்கேயும் அரசாங்கம்தானே சம்பளம் குடுக்கு" என்று வாதாடுவார்கள். நியாயமான வாதம்தான். உதவி பெறும் பள்ளியில் படிக்கும் கூலி வீட்டுப் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் ஒரே நிலைமையில் இருப்பவர்கள். இருவரையும் பிரிப்பது எனக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் விதி அப்படித்தான் நிற்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை நடுவில் ஓராண்டு உதவி பெறும் பள்ளிக்குப் போய்த் திரும்பினாலும் சிக்கல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒதுக்கீடு இருந்தாலும் நீட் எழுதித் தேற வேண்டும். உங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்க்காமல் ஒதுக்கீட்டை மட்டும் நம்பிப் போடாதீர்கள்.

8. அப்ப மாசம் ஆயிரம் ரூபாயும் கெடையாதா?

அது கிடைக்கும், ஆனால் எந்தப் பிரிவு என்று பார்க்க வேண்டும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி தூத்துக்குடியில் நடந்த விழாவில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளையும் சேர்த்தார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்டில் தொடங்கும்போதே இரண்டு வகைப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் ஆறாம் வகுப்பிலிருந்து கணக்கு. கல்லூரி போகும்போது மாதம் ஆயிரம். முதல் கேள்வியில் சொன்ன 'ஏ' பிரிவு, 'டி' பிரிவு வித்தியாசம் இங்கேதான் வந்து நிற்கும்.

9. தமிழ் மீடியம் போட்டா பிள்ள பின்னால போயிராதா?

ஆங்கில வழி வேண்டும் என்பதற்காகவே கான்வென்ட் தேடுகிறீர்கள் என்றால், பல அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, கட்டணமில்லை. அரசு, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக் மூன்றுக்கும் பாடநூல் ஒன்றேதான், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ஒன்றேதான். சமச்சீர் கல்விக்குப் பிறகு மெட்ரிக் பாடம் என்று தனியாக ஒன்று இல்லை. சி.பி.எஸ்.இ. மட்டும் வேறு.

அரசு வேலை உங்கள் மனதில் இருந்தால் ஒரு விஷயம். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-இல் வந்த சட்டத்தை 2020-இல் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இதற்குப் பள்ளி அரசினுடையதா சபையினுடையதா என்பது கணக்கில்லை. படித்த மொழிதான் கணக்கு. டி.என்.பி.எஸ்.சி. எழுதிவிட்டு இந்தச் சான்றுக்காக ஒன்றாம் வகுப்புப் பள்ளியைத் தேடி ஓடுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

ஆங்கிலம் பேசுவது பற்றிக் கேட்டால், கன்னியர் நடத்தும் பள்ளிகளில் உச்சரிப்புக்கும் கையெழுத்துக்கும் மெனக்கெடுகிறார்கள் என்பது என் அனுபவத்தில் உண்மை. மற்றபடி 'ஆங்கில வழி' என்ற பெயரில் தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யவைப்பது எல்லா நிர்வாகத்திலும் நடக்கிறது.

10. ஆர்.டி.இ.ல ஃப்ரீயா கான்வென்ட்ல எடம் வாங்கித் தாரேன்னு ஒருத்தர் பணம் கேக்காரு. குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். ஆர்.டி.இ. என்கிற கட்டாயக் கல்விச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தர வேண்டிய 25 சதவீத இடம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 6-ஆம் தேதி தீர்ப்பளித்தது. கத்தோலிக்க மெட்ரிக் பள்ளி எதிலும் அந்த இடம் இல்லை. சிறுபான்மை அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில்தான் உண்டு. அதற்கும் இணையத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம், இடையில் ஆள் எதற்கு?

11. எங்க ஊர் ஸ்கூல்ல அஞ்சு வகுப்புக்கு ரெண்டே டீச்சர். அங்க எப்படிப் போட?

அறுபது பிள்ளை வரை இரண்டு ஆசிரியர் என்பதுதான் கட்டாயக் கல்விச் சட்டத்தின் கணக்கு. ஐந்து வகுப்பு இருக்கிறதே என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. அதனால் ஒரே அறையில் ஒன்றும் இரண்டும் மூன்றும் சேர்ந்து உட்காரும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் குழுவாகச் சொல்லித் தருகிறார்கள். நல்ல டீச்சர் கையில் அது அருமையாக நடக்கும். ஒரு டீச்சர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ போய்விட்டால் அன்றைக்குப் பள்ளி வெறும் காவல்தான்.

கான்வென்ட் போனால் இது தீரும் என்று நினைக்க வேண்டாம். உதவி பெறும் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால், புதிதாகப் போட்டவருக்குக் கல்வித் துறை ஒப்புதல் தர வேண்டும். அது இழுக்கும், வழக்குக்குக்கூடப் போகும். அதுவரை நிர்வாகம் தன் கைப்பணத்தில் சிறு சம்பளத்துக்கு ஒருவரை வைத்திருக்கும். அவர் வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்.

நான் சொல்கிற வழி: எந்தப் பள்ளி ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, அதன் பாடப்புத்தகத்தில் இன்னும் நடத்தாத பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டியாவது வாசித்தால் அங்கே பாடம் நடக்கிறது. நடத்திய பக்கத்தைக் கொடுத்தால் மனப்பாடமாக ஒப்பித்துவிடும், ஏமாந்து போவீர்கள்.

12. கான்வென்ட்ல கண்டிப்பு ஜாஸ்தி, அதான் நல்லது, இல்லையா?

ஒழுங்கு அதிகம், உண்மைதான். தாமதமாக வந்தால் கேட் மூடியிருக்கும், லீவ் லெட்டர் இல்லாமல் முடியாது, நகம் வெட்டாவிட்டால் திருப்பி அனுப்புவார்கள். சிஸ்டர்களுக்கு வேறு குடும்பம் இல்லாததால் பள்ளியே கதியாக இருப்பார்கள். சாயந்தரம் ஆறு மணிக்குப் போனாலும் ஒருவர் இருப்பார். அரசுப் பள்ளியில் இது தலைமை ஆசிரியரைப் பொறுத்தது. நல்லவர் வந்தால் பள்ளி நிமிரும், அவர் மாறுதலாகிப் போனதும் படுத்துவிடும்.

ஆனால் கண்டிப்பு என்பது அடி என்றால், எந்தப் பள்ளியிலும் அடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. "நல்லா அடிங்க சிஸ்டர், கண்ணை மட்டும் விட்டுருங்க" என்று சொல்லிச் சேர்க்கிற வழக்கத்தை நாமும் விட வேண்டும். குறை இருந்தால் தலைமை ஆசிரியர், பிறகு தாளாளர், பிறகு மாவட்டக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான எண் 1098.

13. சாதிப் பிரச்சினை இல்லாத ஸ்கூலா சொல்லுங்க. சாமியார் நடத்துற ஸ்கூல்ல அது இருக்காதுல்ல?

நம் ஜில்லாவில் இதைக் கேட்காமல் யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை, வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பையனையும் தடுக்க வந்த தங்கையையும் அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வகுப்பில் அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருந்தன.

கத்தோலிக்கக் கோயில் வளாகத்துக்குள் இருப்பதால் பள்ளியில் சாதி நுழையாது என்று சொல்ல முடியாது. வடக்கன்குளத்தில் கோயிலையே சாதிவாரியாக உட்காரும்படி இரண்டாகப் பிரித்துச் சுவர் வைத்துக் கட்டியிருந்தார்கள். 1910-இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரும்போது தெருவையும் கூடவே கொண்டுவருகிறார்கள். ஒரே சாதி ஊரில் இருக்கும் அரசுப் பள்ளியிலும் அதுதான், ஒரே சாதிப் பங்கில் இருக்கும் ஆர்.சி. பள்ளியிலும் அதுதான்.

சேர்க்கும் முன் பள்ளி விடும் நேரத்தில் கேட் எதிரே உள்ள டீக்கடையில் கால் மணி நேரம் நில்லுங்கள். பையன்கள் கையில் ஒரே நிறக் கயிறாகக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களா, பஸ்ஸில் யார் எங்கே உட்காருகிறார்கள், வாத்தியார்கள் யாராவது வெளியே வந்து நிற்கிறார்களா என்று பாருங்கள். பல ஊர்ப் பிள்ளைகள் கலந்து வரும் நகரப் பள்ளியில் இந்தச் சூடு கொஞ்சம் குறைவாக இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்காக வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ் ஏறும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்கள் செய்வதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

14. நாங்க ஆர்.சி. கிறிஸ்தவங்கதான். கவர்மெண்ட் ஸ்கூல்ல போட்டா சாமியார் புதுநன்மை குடுக்க மாட்டேன்னு சொல்லுவாரா?

சொல்ல மாட்டார். திருச்சபைச் சட்டத்தின் 798-ஆவது எண், கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. முடியாவிட்டால் பள்ளிக்கு வெளியே தகுந்த மறைக்கல்விக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறது. அந்த ஏற்பாடுதான் பங்கில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மறைக்கல்வி வகுப்பு. அதற்கு ஒழுங்காக அனுப்பினால் புதுநன்மையும் (முதல்முறை நற்கருணை வாங்கும் சடங்கு) அதற்குப் பிறகு வரும் உறுதிபூசுதல் சடங்கும் தடையில்லாமல் நடக்கும்.

ஆர்.சி. பள்ளியில் சேர்த்துவிட்டு ஞாயிறு வகுப்புக்கு அனுப்பாத வீடுகளும் ஏராளம். பள்ளியில்தான் சொல்லித் தருகிறார்களே என்பார்கள். பங்குத்தந்தைக்குக் கோபம் வருவது இவர்கள் மேல்தான்.

15. அஞ்சாவது வரைக்கும் கான்வென்ட், ஆறாவதுல இருந்து கவர்மெண்ட். இப்படிப் போடலாமா?

இது விவரமான கேள்வி. போடலாம். 7-ஆம் கேள்வியில் சொன்ன கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால் ஆரம்பத்தில் எழுத்தும் வாசிப்பும் ஊன்ற எந்தப் பள்ளி நல்லதோ அங்கே போட்டு, ஆறில் நல்ல அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுகிற குடும்பங்கள் கூடிக்கொண்டே வருகின்றன. அஞ்சாவது வரை படித்தது ஆங்கில வழி என்றால் 9-ஆம் கேள்வியில் சொன்ன தமிழ் வழி முன்னுரிமை மட்டும் போய்விடும்.

இதில் இடறுவது டி.சி.யில். சுயநிதிப் பிரிவில் கட்டண பாக்கி வைத்திருந்தால் டி.சி.யைப் பிடித்துவைப்பார்கள். டி.சி. பாக்கி வசூலிக்கிற கருவி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லிவிட்டது. அதோடு, பழைய பள்ளி எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு இணையதளத்தில் பிள்ளையை விடுவித்தால்தான் புதிய பள்ளி ஏற்ற முடியும். காகித டி.சி.யை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காமல், "எமிஸில் விட்டாச்சா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

16. பொம்பளப் பிள்ளைக்கு எது நல்லது?

கழிப்பறையைப் பாருங்கள். காலையில் பார்த்தால் எல்லாமே சுத்தமாக இருக்கும், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பாருங்கள். தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அம்மாவே போய்ப் பார்க்க வேண்டும். பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளி வேண்டும் என்றால் கத்தோலிக்கக் கான்வென்டும் உண்டு, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியும் உண்டு. தூரத்து ஊர் என்றால் கன்னியர் விடுதி பலருக்கு நிம்மதி தருகிறது. ஆதிதிராவிடர் நலத் துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை விடுதிகளும் இருக்கின்றன, அங்கே செலவில்லை.

17. அதெல்லாம் இருக்கட்டும், நீங்க உங்க பிள்ளைகள எங்க போட்டீங்க?

மூத்தவளை உதவி பெறும் கான்வென்டில், தமிழ் வழியில். இளையவனை ஐந்து வரை அங்கேயே சேர்த்து, ஆறில் அரசுப் பள்ளிக்கு மாற்றினேன். மகளுக்கு அந்தப் பள்ளி ஒரு தோரணையைக் கொடுத்தது. நாலு பேர் முன்னால் மைக் பிடித்துப் பேசுவாள். மகனுக்கு அரசுப் பள்ளியில் நல்ல கணக்கு வாத்தியார் வாய்த்தார், நல்ல மைதானமும் வாய்த்தது. வீட்டில் இன்னும் என் மனைவி கான்வென்ட் கட்சி, நான் இரண்டுங்கெட்டான்.

18. சரி, என்னென்ன சர்டிபிகேட் கொண்டுவரணும்?

பிறப்புச் சான்று, பிள்ளையின் ஆதார், பெற்றோர் ஆதார், சாதிச் சான்று, ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ. ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். வேறு பள்ளியிலிருந்து வந்தால் டி.சி.யும் எமிஸ் எண்ணும். கத்தோலிக்கர் என்று முன்னுரிமை கேட்டால் திருமுழுக்குச் சான்றும் பங்குத்தந்தை கடிதமும். அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது, ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தும் அதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு வாருங்கள். அசலைப் பள்ளியில் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், நகலை மட்டும் கொடுங்கள்.